நீதி கேட்கும் குடும்பங்களோடு உடன் நடப்போம்

2012ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் மாத்தளை வைத்தியசாலைக்குரிய காணியில் உயிர்வாயுத் தொட்டி அமைப்பதற்காகக் குழி வெட்டிய தொழிலாளர்கள் மனித எலும்புகளைக் கண்டார்கள். விடயம் நீதவானுக்கு அறிவிக்கப்பட்டு, நீதிமன்றத்தின் கண்காணிப்பில் அகழ்வு தொடர்ந்தது. 2013ஆம் ஆண்டின் முற்பகுதியில் அது நிறைவுற்றபோது 150க்கும் மேற்பட்ட மனிதரின் எச்சங்கள் வெளியே எடுக்கப்பட்டிருந்தன.

செய்தி பரவியதும் முதிய தாய்மாரும் தந்தையரும் சகோதரரும் நீதிமன்றத்தை நாடி வந்தார்கள். 1988, 1989ஆம் ஆண்டுகளில் தம் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். ஏறக்குறைய இருபத்துநான்கு ஆண்டுகளாக அவர்கள் கேட்டு வந்த கேள்வி ஒன்றுதான்: "எங்கள் பிள்ளை எங்கே?"

இக்கேள்விக்கு இன்றுவரை விடை கிடைக்கவில்லை. விடை ஏன் கிடைக்கவில்லை என்பதையும், அவ்வாறான குடும்பங்களுக்கு அயலவராகிய நாம் என்ன செய்யலாம் என்பதையும் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எதிர்ப்பும் அடக்குமுறையும்

மாத்தளை மண்ணுக்கு இது புதிய கதையன்று. 1848ஆம் ஆண்டு ஆங்கிலேய அரசு நாய்க்கும் துப்பாக்கிக்கும் கடைக்கும் வரி விதித்தது. வீதி வேலைக்கு ஆண்டில் ஆறு நாள் உழைக்க வேண்டும், இல்லையேல் பணம் கட்ட வேண்டும் என்றது. விவசாய மக்கள் கொதித்தெழுந்தார்கள். ஜூலை மாதம் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டி மாத்தளையை நோக்கி வந்தார்கள். இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. வீர புரன் அப்பு ஆகஸ்ட் 8ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். அதே மாதம் 26ஆம் திகதி குடாபொல தேரர் காவியுடையுடனேயே சுடப்பட்டார். பின்னர் பிரித்தானிய நாடாளுமன்றக் குழு விசாரித்தது. ஆளுநர் டொரிங்டன் 1850இல் திருப்பி அழைக்கப்பட்டார். அதற்குமேல் எவரும் தண்டனை பெறவில்லை.

மலையகத் தோட்டங்களிலும் இதே நிலைதான். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் சூட்டுக்குப் பலியானார் கோவிந்தன். 1977 மே மாதத்தில் தோட்டக் காணி பறிக்கப்படுவதை எதிர்த்து நின்ற டெவன் தோட்ட மக்கள் மத்தியில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு மாண்டார். மண்ணுக்காகவும் கூலிக்காகவும் குரல் எழுப்பியவர்களே இவர்கள்.

1987ஆம் ஆண்டு இலங்கை இந்திய ஒப்பந்தத்தின் பின் தெற்கிலும் மத்திய மலைநாட்டிலும் கிளர்ச்சி மூண்டது. மக்கள் விடுதலை முன்னணியினர் தமது கட்டளைக்குப் பணியாத பலரைக் கொன்றார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குப் பதிலடி என்ற பெயரில் அரச படைகளும் பெயரில்லாக் குழுக்களும் செய்தவை சட்டத்துக்கு அப்பாற்பட்டவை. ஊர்வலத்தில் நடந்தவரும், சுவரொட்டி ஒட்டியவரும், அவருடைய தம்பியும்கூட வீட்டிலிருந்து கொண்டு செல்லப்பட்டார்கள். 1994இல் நியமிக்கப்பட்ட மூன்று பிராந்திய ஆணைக்குழுக்கள் 16,000க்கும் அதிகமானோர் பலவந்தமாகக் காணாமலாக்கப்பட்டதை உறுதிசெய்தன. மாத்தளையும் அவ்விசாரணைக்கு உட்பட்ட மாவட்டமே.

எலும்புக்கு இரண்டு வயது

மாத்தளைப் புதைகுழியை ஆராய்ந்த பேராசிரியர் ராஜ் சோமதேவ, உடல்கள் 1986க்கும் 1990க்கும் இடையில் புதைக்கப்பட்டவை என நீதிமன்றத்துக்கு அறிக்கையளித்தார். அவ்விடம் குற்றம் நடந்த இடமாக நீதவானால் கருதப்பட்டது. 2013இல் ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்றும் நியமிக்கப்பட்டது. அதன்பின் அமெரிக்காவிலுள்ள ஆய்வுகூடம் ஒன்றுக்கு மாதிரிகள் அனுப்பப்பட்டன. அவை 1950க்கு முற்பட்டவை என்ற முடிவு வந்தது. ஒரே எலும்புக்கு இரண்டு வயது! இந்த முரண்பாட்டைத் தீர்க்காமலேயே வழக்கு தேங்கிப் போயிற்று. ஒருவருடைய பெயராவது கண்டறியப்படவில்லை.

1989இல் மாத்தளை மாவட்டத்தின் இராணுவ இணைப்பதிகாரியாக இருந்தவர் கோட்டாபய ராஜபக்ஷ. புதைகுழி தோண்டப்பட்ட நாட்களில் அவர் பாதுகாப்புச் செயலாளராக இருந்தார். பின்னர் நாட்டின் ஜனாதிபதியும் ஆனார். எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளியாகக் காணவில்லை. ஆனாலும் அக்காலத்தில் மாவட்டத்தில் பொறுப்பிலிருந்தவர்களிடம் முறையான விசாரணை நடக்கவில்லையே என்ற குடும்பங்களின் ஆதங்கம் நியாயமானது. அதிகாரம் கைமாறாத இடத்தில் சாட்சி சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

"எங்களுக்கு என்ன?" என்போருக்கு

இதை வாசிக்கும் தமிழ்க் குடும்பங்கள் சில மனதுக்குள் கேட்கக்கூடும்: "அங்கே கிடந்த எலும்புகள் பெரும்பாலும் சிங்களப் பிள்ளைகளுடையவையாக இருக்கலாம். 1977இலும் 1983இலும் எங்கள் லயங்களும் கடைகளும் எரிந்தபோது எங்களுக்காக யார் அழுதார்கள்?"

கேள்வியில் நியாயம் உண்டு. சில அயலவர் அன்று எங்களைத் தம் வீடுகளில் மறைத்து வைத்தார்கள் என்பதும் உண்மை, பலர் மௌனமாக இருந்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எந்தக் கை 1989இல் இறத்தோட்டையிலோ உக்குவெலவிலோ ஒரு சிங்கள இளைஞனைத் தண்டனைக்கு அஞ்சாமல் கொண்டு சென்றதோ, அந்தக் கைக்கு வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் இளைஞனைக் கொண்டு செல்வது எளிதாயிற்று. ஓரிடத்தில் தண்டிக்கப்படாத குற்றம் மற்றோரிடத்தில் பழக்கமாகிவிடுகிறது. 2025ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் தோண்டியெடுக்கப்பட்டபோது அங்கு நின்ற தாய்மாரின் கேள்வி மாத்தளைத் தாய்மாரின் அதே கேள்விதான். மாத்தளை எலும்புகள் முறையாக ஆராயப்பட்டு, குடும்பங்களின் மரபணு மாதிரிகள் அன்றே சேகரிக்கப்பட்டிருந்தால், செம்மணிக்கும் ஒரு வழி பிறந்திருக்கும்.

வத்தளைக்கு வடக்கே சீதுவை, ரத்தொலுவைச் சந்தியில் காணாமலாக்கப்பட்டோருக்கான நினைவுத்தூபி ஒன்று உண்டு. ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் 27ஆம் திகதி அங்கு குடும்பங்கள் கூடுகின்றன. தெற்கின் தாயும் வடக்கின் தாயும் அங்கே அருகருகே நிற்கிறார்கள். மொழி புரியாவிட்டாலும் கையிலுள்ள புகைப்படம் இருவருக்கும் புரிகிறது.

உடன் நடத்தல் என்றால் என்ன?

இழவு வீட்டுக்குப் போவதில் எம்மவர் குறை வைப்பதில்லை. எட்டுச் செலவுக்கும் முப்பத்தோராம் நாளுக்கும் கூடுகிறோம். அதன்பின்? பொலிஸ் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அந்த விதவை தனியாகத்தான் போகிறாள். கொழுந்துச் சம்பளம் ஒரு நாள் வெட்டுப்படும். பஸ் செலவு. கைக்குழந்தை. மாலைவரை வாங்கில் உட்கார்ந்திருந்து, "அடுத்த தவணை மூன்று மாதத்தின் பின்" என்ற செய்தியோடு திரும்பி வருகிறாள். இவ்வாறு பத்துத் தடவை நடந்தால் மனம் தளராதவர் யார்? குற்றம் செய்தவர் எதிர்பார்ப்பதும் இத்தளர்ச்சியைத்தான்.

எனவே உதவி என்பது முதலில் ஆள் துணை. தவணை நாளில் ஊரிலிருந்து இருவர் கூடப் போகவேண்டும். இன்று இவர், அடுத்த முறை மற்றவர் எனப் பங்கிட்டுக்கொண்டால் எவருக்கும் பாரமில்லை. அந்த நாளின் கூலியை ஊர்ச் சங்கமோ மரணாதார சங்கமோ ஈடுசெய்யலாம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அயல் வீடு இருக்கவேண்டும்.

இரண்டாவது, முடிவெடுப்பவர் குடும்பத்தவரே. வழக்குப் போடுவதா, ஊடகத்தின் முன் பேசுவதா, ஊர்வலத்தில் படத்தை ஏந்துவதா என்பதைச் சொல்ல வேண்டியவர் தாய் அல்லது மனைவி. குருவானவரும் சட்டத்தரணியும் தொண்டு நிறுவனமும் அவர்கள் சார்பில் முடிவெடுக்கக்கூடாது. "நீதி கட்டாயம் கிடைக்கும்" என்று வாக்குக் கொடுப்பதும் தவறு. "நாங்கள் கூட இருப்போம்" என்பது மட்டுமே நாம் கொடுக்கக்கூடிய வாக்கு.

மூன்றாவது, கட்சிகளுக்குக் குடும்பங்களை அடகு வைக்கக்கூடாது. 1990இல் தெற்கில் உருவான அன்னையர் முன்னணி பல்லாயிரம் தாய்மாரை ஒன்றுதிரட்டியது. அரசும் அஞ்சியது. எதிர்க்கட்சி அரசியல்வாதிகள் அதை முன்நின்று நடத்தினார்கள். 1994இல் அவர்களது கட்சி ஆட்சிக்கு வந்ததும் இயக்கம் சோர்ந்து போயிற்று. தாய்மாரின் கண்ணீர் ஒரு தேர்தலுக்குப் பயன்பட்டது. அவர்களது கேள்வி மட்டும் அப்படியே இருந்தது. அரசியல்வாதியின் உதவியைப் பெறலாம், ஆனால் இயக்கத்தின் திறப்பு தாய்மாரின் முந்தானையில் இருக்கவேண்டும்.

முதல் நாட்களில் செய்ய வேண்டியவை

போராட்டம் ஒன்றின்மீது சூடு நடந்து ஓர் உயிர் போனால், பின்னால் வரும் வழக்கின் பலம் முதல் சில நாட்களில் தங்கியிருக்கிறது. 2022 ஏப்ரல் 19ஆம் திகதி றம்புக்கனையில் எரிபொருள் விலையுயர்வை எதிர்த்த மக்கள்மீது பொலிசார் சுட்டதில் ஒருவர் இறந்தார். மக்கள் எரிபொருள் பவுசருக்குத் தீவைக்க முயன்றதாகப் பொலிஸ் தரப்பு கூறியது. ஆனால் அங்கிருந்தவர்களின் சாட்சியங்களும் படப்பதிவுகளும் உடனடியாக வெளிவந்தன. கேகாலை நீதவான் சில நாட்களுக்குள்ளேயே பொலிஸ் அதிகாரிகளைக் கைது செய்யப் பணித்தார். பதிவு இருந்தபடியால் இது நடந்தது.

உடலைப் பற்றி ஒரு வார்த்தை. பொலிசாராலோ படையினராலோ நேர்ந்த மரணத்தில் நீதவான் விசாரணையும் சட்ட வைத்திய அதிகாரியின் பிரேத பரிசோதனையும் நடக்கவேண்டும். அவற்றைக் குடும்பத்தவர் கேட்டுப் பெறவேண்டும். எம்மவரில் இந்துக் குடும்பங்கள் தகனம் செய்வது வழக்கம். ஆனால் சந்தேகம் உள்ள மரணத்தில் உடலை அடக்கம் செய்வதே நல்லது. எரித்த உடலை மறுபடி பரிசோதிக்க முடியாது. பெரியவர்களோடு கலந்து பேசி, சடங்கைப் பின்னொரு நாளில் நிறைவேற்றலாம்.

வாக்குமூலம் கொடுப்பவர் தனக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்டதற்குக் கையொப்பமிடக் கூடாது. தமிழில் பதியும்படி, அல்லது மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்பது உரிமை, சலுகையல்ல. முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். குற்றஞ்சாட்டப்படும் பொலிஸ் நிலையத்திலேயே முறைப்பாடு ஏற்கப்படாவிட்டால் மேலதிகாரிகளிடமும், தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடமும், மனித உரிமைகள் ஆணைக்குழுவிடமும் போகலாம்.

ஒரு மாதம் என்ற எல்லையை மறக்க வேண்டாம். அடிப்படை உரிமை மீறல் மனுவை அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்தால், அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் இக்கணக்கில் சேராது. "இறந்தவருக்காக மனைவி மனுச் செய்யலாமா?" என்று சிலர் கேட்பதுண்டு. செய்யலாம். காவலில் சித்திரவதையால் இறந்த ஒருவரின் மனைவி தொடுத்த வழக்கில், 2003இல் உயர் நீதிமன்றம் அவரது உரிமையை ஏற்று நஷ்டஈடும் வழங்கியது. வசதியற்றவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டம் 2015இல் வந்தது. 2023இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் நிறைவேற்றப்பட்டது. அச்சுறுத்தல் வந்தால் வாய்மூடி இராமல் அதையும் ஒரு முறைப்பாடாகப் பதியுங்கள்.

பெயர்ந்து வந்தோருக்குச் சில குறிப்புகள்

மொரகஹகந்த, களு கங்கைத் திட்டங்களுக்காகக் காணி இழந்து புதிய குடியேற்றங்களுக்கு வந்தவர்களும், வன்செயலால் தோட்டம் விட்டு வந்தவர்களும், மண்சரிவால் பெயர்ந்தவர்களும் எம்மத்தியில் உண்டு. ஆள் இடம்பெயர்ந்தாலும் வழக்கு இடம்பெயர்வதில்லை. முறைப்பாடு பழைய ஊரின் பொலிஸ் நிலையத்திலேயே இருக்கும். நீதிமன்ற அழைப்பாணை பழைய விலாசத்துக்கே போகும். அது கிடைக்காமல் தவணைக்குப் போகாதவர், அக்கறையற்றவர் எனக் கணிக்கப்படுவார். ஆகவே இடம் மாறியவுடன் நீதிமன்றத்துக்கும், உங்கள் முறைப்பாடு உள்ள எல்லா அலுவலகங்களுக்கும் பதிவுத் தபாலில் புதிய விலாசத்தை அறிவியுங்கள். தபால் பற்றுச்சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள்.

பத்திரங்களை ஓரிடத்தில் மட்டும் வைக்கவேண்டாம். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, புகைப்படம், முறைப்பாட்டுப் பிரதி, ஆணைக்குழுக் கடிதங்கள் ஆகியவற்றை மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றை வீட்டிலும், ஒன்றை நம்பிக்கையான உறவினரிடமும், ஒன்றைப் பங்கு ஆலயத்திலோ கோயில் பரிபாலன சபையிடமோ பள்ளிவாசலிலோ வையுங்கள். மாத்தளை உட்பட மத்திய மாகாணத்தின் பொலிஸ் நிலையங்களில் பழைய பதிவேடுகளை அழிக்க உத்தரவிடப்பட்டதாக 2023இல் மனித உரிமை அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை ஒன்று கூறுகிறது. அவர்களிடம் காகிதம் இல்லாமற் போகலாம். உங்களிடம் இருக்கவேண்டும்.

காணி அனுமதிப்பத்திரம் காணாமலாக்கப்பட்டவரின் பெயரில் இருந்தால், அவர் இறந்ததாக எழுதிக் கொடுத்தால்தான் காரியம் நடக்கும் என்று முன்பு குடும்பங்கள் நெருக்கப்பட்டன. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின்படி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பதிவாளர் நாயகத்திடம் பெறலாம். அதைக்கொண்டு நிவாரணம் கோரவும் சொத்தைப் பராமரிக்கவும் வழி உண்டு. மகன் இறந்தான் என்று தாய் தன் கையால் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. நஷ்டஈட்டைப் பெறுவதும் தவறல்ல. அது பசிக்குரியது. உண்மையைக் கேட்கும் உரிமையை அது விலைக்கு வாங்குவதில்லை. "இதோடு வழக்கை விட்டுவிடுகிறேன்" என்ற வாசகம் எதிலாவது இருந்தால் சட்டத்தரணியிடம் காட்டாமல் கையொப்பமிட வேண்டாம்.

கேட்டுக்கொண்டே இருந்தவர்கள்

பலன் கிட்டுமா என்று சோர்வோருக்குச் சில உண்மைகள். 1989, 1990ஆம் ஆண்டுகளில் எம்பிலிப்பிட்டியில் பாடசாலை மாணவர்கள் கடத்தப்பட்டுக் காணாமலாக்கப்பட்டார்கள். பெற்றோர் விடவில்லை. 1999 பெப்ரவரியில் பாடசாலை அதிபரும் இராணுவத்தினர் சிலரும் குற்றவாளிகளாகக் காணப்பட்டுப் பத்து ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்கள். தமிழ்நாட்டின் தூத்துக்குடியில் 2018 மே மாதத்தில் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின்போது 13 பேர் பொலிஸ் சூட்டில் பலியானார்கள். நீதியரசர் அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022இல் சட்டசபையில் வைக்கப்பட்டபோது, அச்சூடு தேவையற்றது என்பது அரச ஏட்டிலேயே பதிவாயிற்று. பதிவு வேறு, தண்டனை வேறு என்பதை அக்குடும்பங்கள் அறியும். ஆயினும் "கலகக்காரர்" என்ற பழி அவர்களது பிள்ளைகளிடமிருந்து நீங்கியது. ஆர்ஜென்டீனாவில் 1977 ஏப்ரல் 30ஆம் திகதி சில தாய்மார் தலைநகரின் சதுக்கத்தில் நடக்கத் தொடங்கினார்கள். அவர்களும் பாட்டிமாரும் விடாது கேட்டதனால்தான் எலும்பையும் இரத்தத்தையும் ஒப்பிட்டு உறவை அறியும் விஞ்ஞானம் அங்கு வளர்ந்தது.

திருவிவிலியத்தில் ரிஸ்பா என்ற தாயின் கதை உண்டு. அரசனின் சம்மதத்தோடு அவளுடைய பிள்ளைகள் கொல்லப்பட்டு மலையில் விடப்பட்டார்கள். அவளுக்குப் படை இல்லை, செல்வாக்கு இல்லை. அறுவடை தொடங்கிய நாள்முதல் மழை பெய்யும்வரை சாக்கை விரித்துப் பாறையில் அமர்ந்து, பகலில் பறவைகளையும் இரவில் விலங்குகளையும் விரட்டினாள். அதைக் கேள்வியுற்ற அரசன் எலும்புகளைச் சேர்த்து மரியாதையோடு அடக்கம் செய்தான். ஆனால் கதையில் ஒரு குறை உண்டு. அத்தனை நாட்களும் அவளோடு கூட உட்கார்ந்த அயலவர் ஒருவரைப் பற்றியும் அங்கு சொல்லப்படவில்லை.

எமது ஊர்களில் அக்குறை இருக்கக்கூடாது. அடுத்த ஞாயிறு பூசையின் பின்போ, வெள்ளிக்கிழமைப் பூசையின் பின்போ, ஊர்ச் சங்கக் கூட்டத்திலோ ஒரு கொப்பியை எடுங்கள். எந்த இனத்தவரானாலும் உங்கள் ஊரில் இவ்வாறு ஒருவரை இழந்த குடும்பங்கள் எவை, அடுத்த தவணை என்று, கூடப் போகும் இருவர் யார், விடுபட்ட பத்திரம் எது என்று எழுதுங்கள். மாதத்துக்கு ஒரு தடவை அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை, பெரிய படிப்பும் வேண்டியதில்லை. மறவாமை வேண்டும்.